காவலர் சொல்லும் கேட்பவர் மொழியும்

சென்னையினின்றும் திருப்பதிக்குச் செல்லும் வழிகளுள் ஊத்துக்கோட்டை வழி ஒன்று. பெரியபாளையத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் மாநில எல்லை வந்துவிடும். சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட கோலத்தில் விளங்கும் சிவபெருமானை வணங்கிவிட்டு மேலும் சற்றுத் தொலைவு சென்றால் நாகலாபுரம். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் நினைவாக அமைத்த ஊர் என்பர். அங்குள்ள வேதநாராயண சுவாமி கோயிலில் திருமால் மச்சாவதாரத் திருமேனியோடு காட்சி தருகிறார். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மூன்று நாள் மாலைக் கதிரவனின் ஒளி கருவறையினுள் நுழைந்து, முதல் நாள் திருவடியையும், மறுநாள் உந்தியையும், மூன்றாம் நாள் திருமுடியையும் தொடுவதைக் காண இரு மாநில மக்களும் திரள்வார்கள்.

பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தமிழ் நேயர்களுள் சிலர் அந்த ஊரை நேரில் கண்டிருக்கக் கூடும். கண்டிராதோர்க்கு ஒன்று சொல்லுவேன். அது ஆந்திர மாநிலத்து ஊர். ஆனால் அங்கே கடைத்தெருவில் நின்றால் ஒரு காதில் தெலுங்கும் மறு காதில் தமிழும் விழும். 1953 வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாகலாபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் அது இப்போது அடங்கியிருக்கிறது. எல்லைக்கோடுகள் இப்படி மாறி மாறி வரையப்பட்டன. மக்களின் நாவில் அந்தக் கோடு விழவில்லை.

போலீஸார் பொதுமக்களுக்குச் சட்டத்தை எடுத்துரைக்கும் பணியைப் பற்றிப் பேச வந்த நான், ஏன் நாகலாபுரத்தில் தொடங்குகிறேன் என்று நீங்கள் வியக்கலாம். அந்தப் பணியின் பெருமையும் குறைபாடும் ஒருங்கே தெரிவது இத்தகைய எல்லையூர்களில்தான் என்பதே காரணம்.

திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசலம் மலைத்தொடரிலும், அதனையடுத்த கடப்பை, நெல்லூர்ப் பகுதி மலைகளிலும் செம்மரம் வளர்கிறது. இயற்கைக் காடாக அது வளருமிடம் உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதி மட்டுமே. அதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குச் சீனத்திலும் சப்பானிலும் பெருவிலை உண்டு. சீனத்தில் அதனால் விலையுயர்ந்த நாற்காலி, மேசை முதலியன செய்கின்றனர். சப்பானில் இசைக்கருவிகள் செய்கின்றனர். ஆகவே கள்ள வாணிகம் மூண்டது. 1995 முதல் அனைத்துலக வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அம்மரம் இடம்பெற்றிருந்தும், கடத்தல் நின்றபாடில்லை.

மரத்தை வாங்குபவன் கடல் கடந்து இருக்கிறான். விற்பவன் நகரத்து மாளிகையில் இருக்கிறான். காட்டினுள் நுழைந்து கோடரி பிடிப்பவன் யார்? அவன் பெரும்பாலும் தமிழன். திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலைச் சிற்றூர்களிலிருந்து, சிறப்பாகச் சவ்வாது மலையிலிருந்து அழைத்து வரப்படும் ஏழை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தார் அல்லர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்ற தமிழ் பேசும் மக்கள். மானாவாரி நிலத்தில் சாமையும் வரகும் விளைப்பவர்கள். மழை பொய்த்த ஆண்டில் தரகன் ஒருவன் வருகிறான். கையில் முன்பணம் வைக்கிறான். ஊரில் பல நாள் உழைத்தாலும் கிட்டாத கூலி சில நாளில் கிட்டும் என்கிறான். எங்கே, என்ன வேலை என்பதை முழுதும் சொல்வதில்லை.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை ஊழியர் இருவர் கொல்லப்பட்டனர். கடமையைச் செய்யச் சென்றவர்கள் அவர்கள்; அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வழக்கில் தமிழ்நாட்டினர் நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். நெடுங்காலம் சிறையிலிருந்த அவர்களை 2016-இல் திருப்பதி நீதிமன்றம் விடுதலை செய்தது. இதற்கிடையில், 2015 ஏப்ரல் 7ஆம் நாள் விடியற்காலையில், அதே காட்டில் இரண்டு இடங்களில் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் கடத்தல் தடுப்புப் படையினர் கூறினர். அதனை மறுத்துக் கேள்விகள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரணையில் இறங்கியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. 20 குடும்பங்களில் அன்று அடுப்பு எரியவில்லை என்பது மட்டும் யாரும் மறுக்கவொண்ணாத உண்மை.

அதன் பின்னர் இரு மாநில அதிகாரிகளும் துப்பாக்கியால் மட்டும் இது தீராது என்பதை உணர்ந்து, மலைச் சிற்றூர்களுக்குச் சென்று கூட்டங்கள் நடத்தலாயினர். செம்மரம் வெட்டப் போகாதீர்கள், தரகரை நம்பாதீர்கள் என்று எடுத்துரைத்தனர். ஆந்திரத்தில் போலீஸார் ஊர்ப்புறங்களுக்கு அனுப்பும் கலைக்குழுவைக் கலாஜாதா என்பர். பறை முழக்கிப் பாட்டும் கூத்துமாகச் சாலை விதி, மதுவின் கேடு, பெண்களின் பாதுகாப்பு ஆகியவற்றைச் சொல்லுவார்கள். அக்டோபர் 21ஆம் நாள் நாடெங்கும் போலீஸ் நினைவு நாள். 1959-இல் லடாக்கில் உயிர் நீத்த பத்துப் போலீஸாரின் நினைவாக ஏற்பட்டது அது. அந்த வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்துக் கைவிலங்கையும் கம்பியில்லாக் கருவியையும் தொட்டுப் பார்க்கச் செய்வார்கள். காவல் நிலையத்தின் வாயிலை அச்சமின்றி ஒருமுறை மிதித்த குழந்தை, பின்னொரு நாள் துன்பம் நேர்ந்தால் அங்கே செல்லத் தயங்காதன்றோ?

இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. ஆயினும், சொல்லியாயிற்று என்பதாலேயே கேட்டவர்க்கு விளங்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இதனை எனக்குக் கற்பித்தவர் ஒரு மூதாட்டி.

சில ஆண்டுகளுக்கு முன் நாகலாபுரம் கோயிலுக்குச் சென்று திரும்புகையில், அவ்வழிச் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். சுவரில் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தது. தெலுங்கில் ஒரு பாதி, தமிழில் ஒரு பாதி. தலையில் கூடை வைத்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை நெருங்கினார்.

“நைனா, இதுல இன்னா எழுதியிருக்குது, கொஞ்சம் படிச்சுச் சொல்லு” என்றார்.

நான் உரக்கப் படித்தேன். காப்புக்காட்டினுள் அத்துமீறி நுழைவோரும், வன விளைபொருள்களைக் களவாடுவோரும், அன்னோர்க்கு உடந்தையாயிருப்போரும் சட்டப்படி தண்டிக்கப்படுவர் என்றிருந்தது. மொழிபெயர்ப்பில் பிழை ஏதுமில்லை. நானே செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “உடந்தைன்னா யாரு நைனா? எங்க பக்கத்துப் பசங்க மரம் வெட்டலை, சொமை தூக்கத்தான் போறானுங்க. சோறாக்கிப் போடவும் ஒருத்தன் போறான். அவனுங்களையும் புடிப்பாங்களா?” என்று கேட்டார்.

“ஆமாம் பெரியம்மா, சுமப்பதும் குற்றந்தான், தெரிந்தே அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவனையும் பிடிப்பார்கள்” என்றேன்.

“அதை அப்படியே எழுதக் கூடாதா?” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

நடுவண் அரசில் மொழிபெயர்ப்பாளனாக நெடுநாள் பணியாற்றியவன் நான். உடந்தை என்னும் சொல்லை எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தச் சொல்லுக்குள் சுமை தூக்குபவனும் சோறு சமைப்பவனும் இருக்கிறார்கள் என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. வெட்டுதல் மட்டுமன்றி, அனுமதிச்சீட்டின்றிச் சுமப்பதும், வண்டியில் ஏற்றிச் செல்லுவதும் ஆந்திர வனச் சட்டத்தின்படி குற்றமே. ஆயினும் அந்த மலைமகன் தான் சுமைகூலி என்றும், ஆகவே குற்றவாளி அல்லன் என்றும் நம்பிக்கொண்டே காட்டினுள் நுழைகிறான். அவனை ஏமாற்றியவன் தரகன். அவனுக்கு விளங்காத தமிழில் எழுதிய நாமும் அதற்கு ஓரளவு இடங்கொடுத்தோம்.

விளங்கும் மொழியில் சொல்லுவது ஓர் உபகாரம் என்று எண்ண வேண்டா. அது சட்டத்தின் கட்டளை. 1962-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் அரிகிசன் என்பார் வழக்கு வந்தது. மகாராட்டிர அரசு அவரைத் தடுப்புக் காவலில் வைத்து, அதற்கான காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. அவர் ஆங்கிலம் அறியாதவர், இந்தியில் தருமாறு வேண்டினார், தரவில்லை. காவலில் வைக்கப்பட்டவர் அறியாத மொழியில் காரணத்தைத் தருவது, காரணத்தைத் தெரிவித்ததாகாது என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் இக்கொள்கையை மேலும் விரிவாக்கி, எக்குற்றத்திற்காகக் கைது செய்தாலும் அதன் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்து வாயிலாகத் தருதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கைது செய்த பின்னரே புரியும் மொழியில் சொல்ல வேண்டுமென்றால், கைதுக்கு இடமில்லாதபடி முன்னரே புரியும் மொழியில் சொல்லுவது அதனினும் நன்றல்லவா?

போலீஸாரின் பொதுக்கல்விப் பணிக்கு மொழி முதல் தேவை என்றால், கேட்கும் செவி இரண்டாவது தேவை. மேடையேறி எச்சரித்துவிட்டு இறங்குவது பாதிப் பணியே. மழை பொய்த்தால் நாங்கள் எங்கே போவது என்று மலையூர்க்காரன் கேட்டால், அக்கேள்வியைக் குறித்துக்கொண்டு உரிய துறைக்குக் கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டும். பிழைப்புக்கு வழி காட்டாத எச்சரிக்கை தரகனின் முன்பணத்தின் முன் நில்லாது.

இவ்வகையில் நம் அண்டை மாநிலமாகிய கேரளம் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டம் கருதத்தக்கது. ஒரு வட்டாரத்திற்கென அமர்த்தப்படும் போலீஸ்காரர் அங்குள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் சென்று, வீட்டுக்கு ஒருவரையேனும் பெயர் சொல்லி அறிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பொதுமக்களும் போலீஸாரும் கூடிப் பேசும் சமிதிகளும் அதில் உண்டு. பம்பாயில் 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களுக்குப் பின்னர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபைரோ முதலியோர் முயற்சியால் மொகல்லாக் கமிட்டிகள் தோன்றின. ஒருவரையொருவர் அஞ்சிய அண்டை வீட்டாரும், இருவரும் அஞ்சிய போலீஸாரும் ஒரே பாயில் அமர்ந்து பேசத் தொடங்கினர். வதந்தி எழுந்தவுடன் அதனை விசாரித்து அடக்க அக்குழுக்கள் பயன்பட்டன.

எச்சரிக்கையாக ஒன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1993-இல் இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்னும் அதிகாரி போலீஸ் நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார். மக்களுக்கும் போலீஸாருக்கும் பாலமாக விளங்க வேண்டுமென்பதே நோக்கம். ஆனால் 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் துன்புற்று மாண்ட பின்னர், அவ்வமைப்பைச் சேர்ந்தோர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. மக்களின் குரலைப் போலீஸாரிடம் கொண்டு செல்வதற்காக ஏற்பட்ட நட்பு, போலீஸாரின் தடியை மக்களிடம் கொண்டு வருவதாக மாறுமாயின், அந்தப் பாலம் இடிந்துவிடும்.

நேயர்களே, இதுவரை கூறியது மலைமகனின் கதை என்று நீங்கள் எண்ணலாம். அது நம் கதையுமாகும். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் நாகலாபுரத்துச் சாலையில்தான் நிற்கிறோம். தெருமுனையில் போலீஸார் நடத்தும் கூட்டம் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ நடைபெறுகிறது. நாம் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம். அது நமக்கன்று என்று கருதுகிறோம். நமக்கும் அது உரியதே.

ஆகவே எந்த மாநிலத்தில் இருப்பினும் நாம் அறிந்திருக்க வேண்டியன சில உண்டு. அவற்றை எளிய தமிழில் சொல்லுகிறேன். மூதாட்டியின் கண்டிப்பு நினைவில் இருக்கிறது.

உங்களைக் கைது செய்தால், ஏன் என்று கேட்க உரிமை உண்டு. உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் உங்களை நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும். இவை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தரும் உரிமைகள். நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸார் செய்தி அனுப்ப வேண்டும்.

உங்களுக்கு ஒருவன் தீங்கு செய்தால், அது நடந்த இடம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லையைச் சேர்ந்தது என்று தேடி அலைய வேண்டா. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கைது செய்யத்தக்க குற்றமாயின், எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதன் படி ஒன்றை உங்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். சாட்சியாக விசாரிக்கப் பெண்ணைக் காவல் நிலையத்திற்கு அழைக்கக் கூடாது. அவள் வீட்டிற்கே சென்று விசாரிக்க வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளுக்கும், பெண்களுக்கும், பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்குத் தொலைபேசி எண் 15100. ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டியது 112. பணத்தைத் தொலைபேசி வழியாக ஏமாற்றிப் பறித்தால் உடனே 1930. போலீஸ் உடையில் ஒருவன் கைப்பேசித் திரையில் தோன்றி, உன்னை வீட்டிலேயே கைது செய்திருக்கிறேன், பணம் அனுப்பு என்று இந்தியில் மிரட்டினால், அஞ்சாமல் தொடர்பைத் துண்டியுங்கள். டிஜிட்டல் கைது என்ற ஒன்று சட்டத்தில் இல்லை. அவன் போலீஸ்காரனுமல்லன்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் தமிழ்ச் சங்கமோ, பஜனை மண்டலியோ, குடியிருப்போர் கூட்டமோ இருக்குமாயின், ஆண்டிற்கு ஒருமுறை அவ்வூர்க் காவல் நிலைய அதிகாரியை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர் தம் மொழியில் பேசட்டும். இரு மொழியும் அறிந்த உங்கள் பிள்ளை ஒருவன் தமிழில் சொல்லட்டும். கட்டட வேலைக்கும் இட்லிக் கடை வேலைக்கும் வந்திருக்கும் எளிய தமிழரை முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியை அதிகாரிக்கு எடுத்துச் சொல்லுங்கள். சங்கத்தின் ஆண்டு விழாவில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

சோமகன் என்னும் அசுரன் வேதங்களைக் கவர்ந்து கடலடியில் ஒளித்தான் என்றும், திருமால் மீனாய் இறங்கி அவற்றை மீட்டுத் தந்தார் என்றும் நாகலாபுரத்துக் கோயிலின் புராணம் கூறும். கடலடியில் கிடந்த சொல்லால் உலகிற்குப் பயனில்லை. அது கரையேறிக் கேட்பவர் செவியைச் சேர வேண்டும். சட்டமும் அத்தகையதே. அதைக் கரையேற்றுவது போலீஸாரின் பணி. என் போன்ற மொழிபெயர்ப்பாளரின் பணி. இரண்டு மொழியறிந்த உங்கள் பணியும் ஆகும்.

அடுத்த முறை எங்கேனும் ஒரு சுவரில் ஓர் அறிவிப்பைக் காணும்போது, அதனைப் படிக்கவியலாத ஒருவர் அருகில் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நின்றால், படித்துச் சொல்லுங்கள். உடந்தை என்றால் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.